அமெரிக்கா முறையில் துவைத்த சேலை

மலைத்தண்ணி கொட்டுற பீலிக்கரையில நின்னு பொண்டாட்டி சேலையைத் துவைக்கிற ஆம்பள நான் இல்லன்னு சபதம் எடுத்தது அம்பத்தொண்ணாம் வருசம், ஆடி மாசத்து ஞாயித்துக்கெழமை காலையில. சும்மா சபதம் இல்லீங்க. நெஞ்சில கையை வச்சு, முருகன் படத்தை நேருக்கு நேரா பாத்து எடுத்தது. வாய்விட்டு மட்டும் சொல்லல. பொண்டாட்டி லெச்சுமி அடுப்படியில இருந்தா.

எங்க தோட்டம் இலங்கை மலைநாட்டுல, நோர்வூட் பக்கம். எம்பேரு சோலைமலை. தேயிலை ஸ்டோருல ரோலர் ஓட்டுறவன். வதங்கின கொழுந்தை மிஷினுக்குள்ள கொட்டி, மேல மூடியைத் திருகி, சாறு வர்ற மாதிரி முறுக்கி எடுக்கிறது என் வேலை. சம்சாரம் நாகலெட்சுமி மலையில கொழுந்து எடுக்கிறவ. கொழுந்தோட விட்டாளா? அந்த வருசம் தோட்டத்து மாதர் சங்கத்துக்கு அவளைத் தலைவியாவும் எடுத்துட்டாங்க. அவ பேரெடுத்தா, நான் மூச்செடுத்தேன். பெருமூச்சு.

பொறாமைதான். இப்ப சொல்றதுக்கு என்ன வெக்கம்? நேத்து வரைக்கும் ‘சோலைமலை பொண்டாட்டி’ன்னு சொன்ன எங்க வரிசைவீட்டு லயம், ஒரே ராத்திரியில என்னைத் ‘தலைவி புருசன்’னு சொல்ல ஆரம்பிச்சிருச்சு. அந்த வயித்தெரிச்சல் இல்லாம இருந்திருந்தா இந்தக் கதையே நடந்திருக்காது. அந்தக் கத்தரிப்பூக் கலர் சேலையும் இன்னைக்கு வரைக்கும் பெட்டியில இருந்திருக்கும்.

சரி, அமெரிக்கா எப்படி எங்க லயத்துக்கு வந்துச்சுன்னு மொதல்ல சொல்றேன்.

தோட்டத்துத் தொரையோட சம்சாரத்தைத் தொரைசானிம்போம். அவங்க தம்பி அமெரிக்காவுல இருந்தாரு. மாசாமாசம் படம் போட்ட புத்தகம் அனுப்புவாரு. தொரைசானி பாத்து முடிச்சதும் அது பங்களா சமையக்காரர் லியனார்ட் அண்ணன் கைக்கு வந்துரும். லியனார்ட் அண்ணனுக்கு இங்கிலீசு அத்துப்படி. அடிப்பிடிச்ச சட்டியைக்கூட இங்கிலீசுலதான் திட்டுவாரு. ஞாயித்துக்கெழமை பங்களாவுல மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் நேரா எங்க இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து, சாக்கை விரிச்சுக் குந்தி, புத்தகத்தைப் பிரிச்சு வாசிப்பாரு. அதுக்கு ரெண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் ஒரு கோப்பை தேத்தண்ணியும் நாங்க குடுக்கணும். உலகச் செய்திக்கு அது கொள்ளை மலிவு.

“சோலை, படம் தெரியிற ரேடியோவாம்டா. வீட்டுக்குள்ளேயே வச்சிருக்கான். ரெண்டு பேரு மல்லுக்கட்டுறதைக் குடும்பமே குந்திப் பாக்குது.”

“ரெண்டு பேரு மல்லுக்கட்டுறதைப் பாக்க அவங்களுக்குப் பெட்டி வேணுமாண்ணே? எங்க லயத்துக்கு வந்தா சும்மாவே பாத்துட்டுப் போகலாமே”ன்னா லெச்சுமி, கொழுந்துக்கூடைக்குக் கயிறு மாத்திக்கிட்டே.

“இதைக் கேளு. வெட்டவெளியில பெரிய திரை. முன்னால வரிசையா காரு. அவனவன் காருக்குள்ள குந்திக்கிட்டே படம் பாக்குறானாம்.”

“போன வருசம் பள்ளிக்கூடத்து மைதானத்துல பாத்தோமே, அது மாதிரியா?”

“அது மாதிரிதான்.”

“அப்ப சரி. அவனுக்குக் காரு, நமக்குக் கம்பளி.”

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். இம்புட்டுப் பெரிய அமெரிக்காவை இவ ஒரு கம்பளியில சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிறாளேன்னு இருக்கும். ஒரு வாரம் நானும் முந்திக்கிட்டேன். காப்பி ஒரு கோப்பை பத்துச் சதம்னு லியனார்ட் அண்ணன் வாசிச்சாரு.

“பத்துச் சதமா! நம்ம ஹட்டன் கடை வெலதானே அது! அப்ப அமெரிக்காவுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசமே இல்லண்ணே!”

“ஏங்க, அவன் சதமும் நம்ம சதமும் ஒரே சதமா?”ன்னு கேட்டா லெச்சுமி.

நான் லியனார்ட் அண்ணனைப் பாத்தேன். அவரு என்னைப் பரிதாபமா பாத்தாரு. “அவன் ஒரு டொலரு நம்ம காசுல அஞ்சு ரூவாய்க்குக் கிட்ட வரும், சோலை.”

லெச்சுமி விடல. பேக்கரிப் பாண் என்ன வெல, ஸ்டோருல வேலை செய்யிறவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன சம்பளம், எறைச்சி வெல ஏறிப்போச்சுன்னு பொம்பளைங்க கத்துறது நெசமா, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா.

“அங்கேயும் ஸ்ட்ரைக் உண்டாண்ணே?”

“ஏன் இல்லாம? நிலக்கரி வெட்டுறவன் பண்றான், ரயிலுக் கோச்சி ஓட்டுறவன் பண்றான். இந்தா, பக்கம் பக்கமா போட்டிருக்கே.”

“பாத்தீங்களா?”ன்னு என் பக்கம் திரும்பினா, என்னமோ அந்தக் கோச்சியை நான்தான் நிறுத்தி வச்ச மாதிரி.

நான் படம் மட்டும் பாப்பேன். அப்படித்தான் ஒரு நாள் அந்தப் படம் கண்ணுல பட்டுச்சு. ஒரு வெள்ளைக்காரப் பொம்பள. பளபளன்னு உருண்டையா ஒரு வெள்ளைத் தொட்டி, அதுக்கு மேல ரெண்டு உருளை. அவ அதுமேல ஒரு கையை வச்சுக்கிட்டு, காது வரைக்கும் சிரிக்கிறா. துணி துவைக்கிற மிஷினாம்.

நான் படத்தை லெச்சுமிக்கு முன்னால நீட்டினேன். “பாத்தியா? அங்க பொம்பளைங்க எப்படிச் சிரிச்ச மொகமா துணி துவைக்கிறாங்க! நீயும் இருக்கியே. பீலிக்குப் போறப்ப ஒரு மொகம், வர்றப்ப ஒரு மொகம். ரெண்டும் உர்ருன்னு.”

அவ படத்தை நல்லா உத்துப் பாத்தா. “துவைக்கிறது யாரு?”

“மிஷின்.”

“சிரிக்கிறது?”

“அந்தப் பொம்பள.”

“எனக்கும் ஒரு மிஷின் வாங்கிக் குடுங்க. நான் விடிஞ்சதுலேருந்து பொழுது போற வரைக்கும் சிரிக்கிறேன். பைத்தியம்னு சொன்னாலும் பரவாயில்ல.”

லியனார்ட் அண்ணன் தேத்தண்ணி பொரையேறிச் செத்தாரு. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கல. அவரை ஓரமா கூட்டிக்கிட்டுப் போய்க் கேட்டேன். “அண்ணே, உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது?”

“தண்ணி, சவக்காரம், துணி. மூணையும் போட்டா அது சுத்தும். பெறகு அமுக்கிப் பிழிஞ்சு குடுக்கும். அம்புட்டுத்தான்.”

“உருண்டையா தொட்டி. சுத்துது. அமுக்குது. பிழியுது. அண்ணே, இது நம்ம ரோலருண்ணே!”

அவரு யோசிச்சாரு. “அப்படித்தான் தெரியுது.”

அவருக்கு ஸ்டோரைத் தெரியாது. எனக்கு அமெரிக்காவைத் தெரியாது. ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணிட்டோம்.

இப்ப அந்த ஞாயித்துக்கெழமைக்கு வர்றேன். அடுத்த ஞாயிறு ஹட்டன்ல சங்கக் கூட்டம். பத்துப் பன்னெண்டு தோட்டத்து ஆளுங்க வருவாங்க. லெச்சுமி மேடையில பேசணும். அதுவும் நாக்காலியில குந்தி, பேரைக் கூப்பிட்டதும் எழும்பிப் பேசணும். நாங்க குடியிருக்கிற காம்பராவுல நாக்காலியே கெடையாதுங்க. அவளோட அம்மா, அம்மாவோட அம்மா யாரும் நாலு பேருக்கு முன்னால நாக்காலியில குந்தினதும் கெடையாது. பத்து நாளா ரொட்டி தட்டுறப்பகூட அவ வாய் முணுமுணுன்னு பேச்சைச் சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு.

அன்னைக்குக் கட்டுறதுக்குன்னு ட்ரங்குப் பெட்டியைத் தொறந்தா. கத்தரிப்பூக் கலர் சேலை, ஜரிகைக் கரை. அவ அப்பா இந்தியாவுக்குப் போய் வந்தப்ப வாங்கியாந்தது. நாலு தடவைதான் கட்டியிருப்பா. அஞ்சாந்தடவைக்கு எடுத்தா, மழைக்காலத்து ஈரத்துல மடிப்பு மடிப்பா பூஞ்சணம்.

“என்னங்க, இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் வெயில் அடிக்குது. நான் மேல இருக்கிற மேக்கணக்கு லயத்துக்குப் போய்ப் பொம்பளைங்கள கூட்டத்துக்குச் சொல்லணும். வர்றதுக்குப் பொழுது போயிரும். இதைக் கொஞ்சம் சவக்காரம் போட்டு மெதுவா அலசிக் காயப்போடுங்க. முறுக்கிப் பிழிஞ்சிராதீங்க.”

“நானா? பீலிக்கரையிலயா?”

“பீலியை இங்க தூக்கியாரவா முடியும்?”

“ஏண்டி, ஞாயித்துக்கெழமை லயமே அங்கதான் நிக்கும். உன் சேலையைத் தோள்ல போட்டுக்கிட்டு நான் போனா எவன் என்னை மதிப்பான்?”

“உங்களை யாரு மதிப்பான்னு நான் கேக்கல. நான் மேடையில நாலு பேரு மதிக்கிற மாதிரி நிக்கணும், அதுக்குத்தான் கேக்கிறேன். இந்த ஒரு தடவைங்க. எனக்கு வேற சேலை இல்ல.”

சரின்னு தலையை ஆட்டினேன். அவ மொகம் மலர்ந்துச்சு. புள்ளையைக் குடுக்கிற மாதிரி அந்தச் சேலையை ரெண்டு கையிலயும் ஏந்தி என்கிட்ட குடுத்தா. கெளம்புறதுக்கு முந்தி அவ அடுப்படிக்குள்ள போனப்பத்தான் நான் அந்தச் சபதத்தை எடுத்தேன். பீலிக்குப் போகமாட்டேன். ஆனா சேலை மட்டும் வெளுத்து வரும். சாயங்காலம் வந்து, எப்படிங்கன்னு அவ வாயைப் பொளக்கணும். “அமெரிக்கா முறை”ன்னு நான் அலட்சியமா சொல்லணும். தலைவிக்குத் தலைவன் நான்னு காட்டணும்.

ஞாயித்துக்கெழமையில ஸ்டோருக்கு லீவு. ரோலரைக் கழுவி எண்ணெய் போடுறது மட்டும் என் பொறுப்பு. கழுவி முடிஞ்சதும் எஞ்சின்கார மாயாண்டி ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டுப் பாப்பான். ஸ்டோரைப் பாத்துக்கிற டீமேக்கர் ஐயா கோயிலுக்குப் போயிருந்தாரு.

“என்னாடா சோலை, கக்கத்துல மூட்டை?”

“தொடைக்கிற துணிடா. நீ எஞ்சினைப் பாரு.”

சேலையைச் சின்ன ரோலருக்குள்ள போட்டேன். சவக்காரத்தைச் சீவிப் போட்டேன். ரெண்டு வாளித் தண்ணி ஊத்தினேன். ஊத்தின தண்ணி கீழ்ப் பக்கமா ஓடிப்போச்சு. கொழுந்துக்குச் செஞ்ச மிஷினு, அடியில தொட்டி மாதிரி அடைப்பு இருக்காதுல்ல? அந்த நேரத்துல அந்த அறிவு வேலை செய்யல. இன்னும் ரெண்டு வாளி ஊத்திட்டு, பூஞ்சணம் போகணுமேன்னு மூடியைக் கொஞ்சம் கூடவே திருகினேன். “ஓட விடுடா!”ன்னேன்.

ஓடுச்சு.

ரோலர் மேடையில பித்தளைச் சட்டம் வரிசையா இருக்கும். கொழுந்தைக் கசக்கிறதே அதுதான். கொழுந்தை அது என்ன பாடுபடுத்தும்னு பதினோரு வருசமா தெரிஞ்சவன் நான். எனக்கா தெரியாது? மூணாவது சுத்துலயே ‘சர்ர்’ருன்னு ஒரு சத்தம். நான் கத்துறேன், மாயாண்டிக்குக் கேக்கல. அவன் நிறுத்தி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

மூடியைத் தூக்கிப் பாத்தேன். கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு ஒண்ணு கெடந்துச்சு. பிரிச்சா, ஒரு பக்கம் நாடா நாடாவா தொங்குது. சட்டத்துக்கு இடுக்குல இருந்த பழைய சாறெல்லாம் ஏறி, கத்தரிப்பூக் கலரு போய், வடிச்சு வீசின தேயிலைச் சக்கைக் கலரு வந்திருச்சு. ஜரிகை அங்கங்க பிய்ஞ்சு நிக்குது. பூஞ்சணம் மட்டும் நெசமாவே போயிருச்சு.

மாயாண்டி எட்டிப் பாத்தான். “தொடைக்கிற துணியில ஜரிகையாடா?”

“வாயை மூடு.”

சத்தியமா சொல்றேன், அந்த நிமிசம் அழுகை வந்துருச்சு. அவ ரெண்டு கையில ஏந்திக் குடுத்ததுதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. நேரா மேக்கணக்குக்கு ஓடிப்போய், லெச்சுமி, தப்புப் பண்ணிட்டேன்னு கால்ல விழுந்திருக்கலாம். திட்டியிருப்பா. ரெண்டு நாள் சோறு போட்டிருக்கமாட்டா. அதோட போயிருக்கும். நான் என்ன செஞ்சேன்? அந்தக் கந்தலைச் சுருட்டி, ஸ்டோருக்குப் பின்னால வெறகுக் கொட்டில்ல கட்டைக்கு அடியில செருகினேன். ரோலரைக் கழுவினேன். வீட்டுக்கு வந்தேன். பொய்யை யோசிச்சேன்.

பொழுது சாய வந்தா லெச்சுமி. “சேலை காஞ்சிருச்சா?”

“அதை ஏன் கேக்கிற! அலசி அழகா கொடியில போட்டேன். திரும்பிப் பாக்கிறதுக்குள்ள ஒரு காத்து பாரு, அப்படியே தூக்கிக்கிட்டுப் போயிருச்சு!”

“காத்தா?”

“ஆடி மாசம் இல்லையா? ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க. சேலை பறக்காதா?”

அவ அடுப்படியைத் திரும்பிப் பாத்தா. “அம்மி இருந்த எடத்துலதானே இருக்கு.”

ட்ரங்குப் பெட்டியைத் தொறந்துவச்சுக்கிட்டு ரொம்ப நேரம் குந்தியிருந்தா. உள்ள ஒண்ணும் இல்லன்னு அவளுக்குத் தெரியும். இருந்தும் பாத்துக்கிட்டே இருந்தா. பெறகு முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டு உலையை வச்சா. அப்பவாவது சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லல.

திங்கக்கெழமையும் அவ மொகத்துல உசிரே இல்ல. செவ்வாய்க்கெழமை சாயங்காலம் பாத்தா, திடீர்னு தெளிஞ்சுட்டா. எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா. அதுல சீனிகூட இருந்துச்சு.

“ஏங்க, காத்து எந்தப் பக்கமா அடிச்சுச்சு?”

“அது... ஆத்துப் பக்கமா.”

“அப்ப சேலை ஆத்துப் பக்கத்து மலையிலதான் எங்கேயாவது செடியில மாட்டியிருக்கும். போய்த் தேடிப் பாத்துட்டு வாங்களேன். எனக்காக.”

எனக்காகன்னு கேட்டுட்டா. என்ன செய்யிறது? போனேன். வெறகுக் கட்டைக்கு அடியில கெடக்கிற சேலையை, தேயிலைச் செடிக்கு நடுவுல ஒரு மணி நேரம் தேடினேன். வெறும் அட்டைதான் கெடைச்சுச்சு. ஒரு கால்ல ஏழு, இன்னொரு கால்ல ஒம்பது.

புதங்கெழமை, “காத்து நடுவுல திரும்பியிருக்குமோ? பன்னெண்டாம் நம்பர் மலையில பாருங்க.” போனேன். வியாழக்கெழமை, “தண்ணி ஓடுற கான் வழியா போயிருக்கும்.” கான்ல எறங்கினேன். வெள்ளிக்கெழமை மழை. சாக்கைத் தலையில போத்திக்கிட்டு நோர்வூட் ரோட்டு வரைக்கும் தேடிக்கிட்டுப் போனேன். வேலைக்குப் பேரு குடுக்கிற பெரட்டுக்களத்துல ஆளுங்க, “என்னாப்பா தேடுற?”ன்னு கேக்கிறாங்க. “என் சம்சாரத்துச் சேலை”ன்னு சொன்னா, அதுக்கு என்னென்னமோ அர்த்தம் பண்ணிக்கிட்டுச் சிரிக்கிறாங்க. பீலிக்கரையில ஒரு நாள் போயிருக்க வேண்டிய மானம், நாலு நாளா மலை மலையா போச்சு.

ஒவ்வொரு நாளும் நான் நனைஞ்சு வந்து நிக்கிறப்ப, அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு வச்சுவிட்டுக்கிட்டே லெச்சுமி கேப்பா. “நெசமாவே காத்துதானே?”

“காத்துதான் புள்ள.”

“வேற ஒண்ணும் இல்லையே?”

“வேற என்ன இருக்கப்போகுது?”

“சரி”ன்னு சொல்லிட்டு எழும்பிப் போவா.

சனிக்கெழமை என்னால தாங்க முடியல. நார் பொறுக்குற ராசம்மாகிட்ட ஒரு நல்ல சேலை இருக்கு, கேட்டு வாங்கியாரேன்னு சொன்னேன். ராசம்மா ஸ்டோருல தேயிலை சலிச்சு, அதுல இருக்கிற நாரு தும்பையெல்லாம் பொறுக்கிற பொம்பள. லெச்சுமிக்கு உசிரான கூட்டாளி.

“எரவல் சேலை வேணாங்க. மலைக்குக் கட்டுறதையே கட்டிக்கிட்டுப் போறேன். சேலை போனாலும் பேச்சு இருக்குல்ல? ஆனா பயமாத்தான் இருக்கு.”

“என்னா பயம்?”

“பேசி முடிச்சதும் நான் தீர்மானம் ஒண்ணு சொல்லணும். சம்மதம்னா கையைத் தூக்குங்கன்னு கேக்கணும். ஒருத்தரும் தூக்கலன்னா மேடையில என் மானம் போயிரும். நீங்க மொதல் ஆளா தூக்குவீங்களா?”

செஞ்ச பாவத்துக்கு ஒரு பரிகாரம் கெடைச்சுச்சுன்னு எனக்குச் சந்தோசம் தாங்கல. “ஒரு கையா? ரெண்டு கையையும் தூக்குறேன் லெச்சுமி!”

“ஒண்ணு போதும். சத்தியம் பண்ணுங்க.”

மாரியம்மன் படத்துக்கு முன்னால சூடம் கொளுத்தி, அது மேல அடிச்சுச் சத்தியம் பண்ணினேன்.

ஞாயித்துக்கெழமை ஹட்டன் மண்டபத்துல எள்ளு போட்டா எள்ளு விழாது. பொம்பளைங்க ஒரு பக்கம், ஆம்பளைங்க ஒரு பக்கம். ஆம்பளைங்களே முன்னூறு பேரு இருப்போம். நானும் லியனார்ட் அண்ணனும் முன் வரிசையில. மேடையில லெச்சுமி. வெளுத்துப்போன மலைச்சேலையைக் கட்டிக்கிட்டு, நாக்காலி விளிம்புல ஒட்டியும் ஒட்டாமலும் குந்தியிருந்தா. பக்கத்துத் தோட்டத்துத் தலைவிங்க ரெண்டு பேரு பளபளன்னு கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. அந்தக் கத்தரிப்பூக் கலருல அவ எப்படி இருந்திருப்பா! கெடுத்தவன் நானில்ல?

பேரைக் கூப்பிட்டாங்க. எழும்பி நின்னா. கையில கொழுந்துச் சாக்கு ஒண்ணைச் சுருட்டி வச்சிருந்தா.

“அண்ணமாருங்களே, அக்கா தங்கச்சிங்களே. அமெரிக்காவுல ஸ்டோருல வேலை செய்யிறவன் ஒரு மணி நேரம் நின்னா, அந்தக் காசுக்கு அவன் ஊரு வெலையில பத்து ராத்தல் பாண் வாங்கலாமாம். நாம ஒரு நாள் முழுக்க மலையேறி எறங்கினா அத்தனை பாண் வாங்க முடியுமா? அவனும் வெலவாசி ஏறிப்போச்சுன்னு ஸ்ட்ரைக் பண்றான். நாம வாயைத் தொறந்தா மட்டும் குத்தமா?”

மண்டபம் அதிருது. லியனார்ட் அண்ணன் நெஞ்சை நிமித்தி, “நான் வாசிச்சதுடா, நான் வாசிச்சது!”ன்னு என் தொடையைக் கிள்ளுறாரு. எனக்குப் பெருமையில கண்ணு கலங்கிருச்சு. பொறாமையெல்லாம் போன எடம் தெரியல.

“அந்த ஊருல துணி துவைக்க மிஷின் இருக்கு. நம்ம ஊருலயும் ஒரு மனுசன் அதைக் கண்டுபிடிச்சிருக்காரு”ன்னா.

நான் லியனார்ட் அண்ணன் முதுகுக்குப் பின்னால ஒளியப் பாத்தேன்.

அவ சாக்கைப் பிரிச்சு உள்ள இருந்ததை உதறினா. நாடா நாடாவா, தேயிலைச் சக்கைக் கலருல, ஜரிகை தொங்கிக்கிட்டு ஆடுச்சு என் ‘அமெரிக்கா முறை’. சபை ஒரு நிமிசம் மெரண்டு, பெறகு கொல்லுன்னு சிரிச்சுச்சு.

ராசம்மா பொம்பளைங்க பக்கம் முன் வரிசையில குந்தி என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அப்பத்தான் எனக்கு எல்லாம் விளங்குச்சு. திங்கக்கெழமை முறுக்கின தேயிலை செவ்வாய்க்கெழமை அவ கைக்குப் போகும். நாரு பொறுக்குறவ கண்ணுக்கு ஜரிகை தப்புமா? கத்தரிப்பூ நூலு தப்புமா? மாயாண்டியை ஒரு கேள்வி கேட்டிருப்பா. அவன் வாயிதான் ஓட்டை வாளியாச்சே, வெறகுக் கொட்டிலையும் சொல்லியிருப்பான். செவ்வாய்க்கெழமை சாயங்காலமே சேலை லெச்சுமி கையில. அதுக்குப் பெறகுதான் எனக்குச் சீனி போட்ட தேத்தண்ணி. அதுக்குப் பெறகுதான் ஆத்துப் பக்கம், பன்னெண்டாம் நம்பர் மலை, கானு, நோர்வூட் ரோடு!

“இது மிஷின்ல போட்ட சேலை”ன்னா லெச்சுமி. “இதைக் கட்டிக்கிட்டு இந்த மேடையில நிக்கணும்னு ஒருத்தி ஆசைப்பட்டா. பீலிக்கரையில துவைச்சா கௌரவம் போயிரும்னு அந்த மனுசன் இப்படிப் பண்ணிட்டாரு. சேலை போனதுகூடப் பெருசில்ல. காத்து கொண்டுபோச்சுன்னு சொன்னாரு. இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு அவ தெனமும் வாய்விட்டுக் கேட்டா. கடைசி வரைக்கும் சொல்லல. அதுதான் அவளுக்கு ஆறல.”

மண்டபத்துல சிரிப்பு நின்னுபோச்சு. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரணும் போல இருந்துச்சு. வெக்கத்துக்கு இல்லீங்க. சுண்ணாம்பு வச்சுவிட்டுக்கிட்டே அவ கேட்ட கேள்விக்கெல்லாம், உண்மையைச் சொல்லுன்னுதான் அர்த்தம். இந்த மரமண்டைக்கு விளங்கலையே.

லெச்சுமி அந்தச் சேலையைச் சுருட்டிச் சாக்குல போட்டா. “அந்த மனுசன் யாருன்னு நான் அடையாளம் காட்டமாட்டேன். அது அழகில்ல. தீர்மானத்தை மட்டும் சொல்றேன். மலையிலயும் வேலை, வீட்டுலயும் வேலைன்னு நாங்க சாகிறோம். அதனால ஞாயித்துக்கெழமையில வீட்டுத் துணியெல்லாம் ஆம்பளைங்கதான் பீலிக்கரைக்குக் கொண்டுபோய்த் துவைக்கணும். பொண்டாட்டி சேலையும் சேத்து. சம்மதிக்கிற ஆம்பளைங்க கையைத் தூக்குங்க.”

முன்னூறு ஆம்பளைங்களும் கூரையைப் பாக்கிறாங்க, செருப்பைப் பாக்கிறாங்க. லியனார்ட் அண்ணன் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில போட்டு அமுக்கிக் குந்திக்கிட்டாரு. லெச்சுமி வேற எங்கேயும் பாக்கல. என்னை மட்டும் பாத்தா. கோவமா இல்ல. தெனமும் கேட்டப்ப எப்படிப் பாத்தாளோ, அப்படித்தான்.

சூடத்து மேல அடிச்ச சத்தியமாச்சே. தூக்கினேன்.

அவ அடையாளம் காட்டல. நானே காட்டிட்டேன். முன்னூறு தலையும் ஒரே நேரத்துல என் பக்கம் திரும்புச்சு. ஒருத்தன், “அட, இவன்தாண்டா மிஷின்காரன்!”ன்னான். கூரை பிய்ஞ்சு போற மாதிரி சிரிச்சாங்க. மேடையில லெச்சுமியும் சிரிச்சுட்டா. ஒரு வாரத்துக்குப் பெறகு அவ சிரிச்சது அன்னைக்குத்தான். கையை எறக்க எனக்கு மனசு வரல.

முன்னூறு பேருக்கு ஒரே ஒரு கை. அதனால அந்தத் தீர்மானம் ஹட்டன்ல தோத்துப்போச்சு. எங்க காம்பராவுல மட்டும் ஏகமனதா நிறைவேறிருச்சு.